தூதுவளையோடு உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மேற்கு மாம்பலத்திலிருந்து:
எங்கள் தெருவில் பழைய தனிவீடு ஒன்றை இடித்தபோது, கிணற்றடிச் சுவரில் ஏறியிருந்த தூதுவளைக் கொடியையும் செங்கல்லோடு சேர்த்து வாரினார்கள். ஊதாப் பூவும் சிவந்த பழமுமாக இருந்த கொடி அது. ஒரு கொம்பு கேட்டு நின்ற என்னிடம், முள் கிழித்த கையோடு இருந்த இளைஞர், "வெறும் முள்ளுச் செடிம்மா, இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று உண்மையான வியப்போடு கேட்டார். வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும் அந்தச் சுவரிலிருந்துதான் ரசத்துக்கு இலை வரும் என்று சொல்வதற்குள் லாரி நகர்ந்துவிட்டது. அவர் கேட்ட விதம் இன்னும் உறுத்துகிறது.

திருவொற்றியூரிலிருந்து:
சகோதரி வருந்துவதுபோல் தூதுவளை அழிந்துவிடவில்லை. அதை அடையாளம் காணும் கண்தான் குறைந்துவிட்டது. சென்ற மழைக்காலத்தில் கீரைக் கடையொன்றில் கண்டங்கத்திரியைத் தூதுவளை என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் பூ ஊதாதான். ஆனால் கண்டங்கத்திரி தரையோடு படரும், அதன் முள் நேராக நீண்டிருக்கும், பழம் முற்றினால் மஞ்சளாகும். தூதுவளையோ பற்றி ஏறும், அதன் முள் கொக்கிபோல் வளைந்து இலையின் அடிநரம்பிலும் இருக்கும், பழம் சிவக்கும். கண்டங்கத்திரியும் மருந்துதான் என்று கடைக்காரர் வாதிட்டார். மருந்தாக இருந்தாலும் துவையலுக்கு அது ஆகுமா?

தாம்பரத்திலிருந்து:
என் தந்தை வள்ளலார் வழியில் நின்றவர். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் சேர்ந்த பொடியைக் காய்ச்சிய நீர்தான் விடியலில் அவர் முதலில் அருந்துவது. கடைசி நாட்களில் அவர் கேட்டபோது பசுந்தூதுவளை எங்கும் கிடைக்காமல், பொட்டலப் பொடியைக் கரைத்துக் கொடுத்தேன். மணத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

அதனால் இருவருக்கும் சொல்கிறேன், யார் அழித்தார்கள், யார் மாற்றி விற்றார்கள் என்று பேசுவதைவிட ஆளுக்கொரு தொட்டி வையுங்கள். முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, மணல் கலந்த செம்மண்ணில் நட்டு, துளிர்க்கும்வரை நிழலில் வைத்து, பிறகு வெயில் படும் மாடிக் கம்பியில் ஏற்றிவிடுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. கொழுந்தாகக் கிள்ளி, நரம்பிலுள்ள முள்ளைக் கத்தரியால் நீக்கி, நெய்யில் சுருள வதக்கிய பிறகே மிளகும் புளியும் சேர்த்து அரையுங்கள். வண்டிப் புகை படியும் சாலையோரத்தில் பறிக்க வேண்டாம். இழுப்பு உள்ளவர்கள் இதை நம்பி மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடவும் வேண்டாம். மாம்பலத்துச் சகோதரி விரும்பினால் எங்கள் மாடியிலிருந்து கொம்பு நறுக்கித் தருகிறேன். கோணியில் சுற்றித்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.