காணாமப் போன என்.பி.ஏ. பிளேயர் பைசன் டெலே: உண்மையில என்ன நடந்த?

கேள்வி: கல்லடி_பாஸ்கட்

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு, பின்னேரத்தில பெடியளுக்கு பாஸ்கட்போல் பழக்குற. 97 சிக்காகோ புல்ஸ் டீம்ட பழைய மெட்ச் வீடியோவெல்லாம் போட்டுக் காட்டுற, ஜோர்டான், பிப்பன், ரொட்மன் எல்லாரையும் பெடியளுக்குத் தெரியும், ஆனா பெஞ்ச்ல இருந்து எழும்பி வாற இடக்கைக்காரன் பிரையன் வில்லியம்ச ஒருத்தனுக்கும் தெரியா. அவர்தான் பிறகு பைசன் டெலே எண்டு பேர மாத்தினவர், 2002ல பசிபிக் கடல்ல காணாமப் போனவர் எண்டு சொன்னன். அதோட மெட்ச் பாக்கிறத விட்டுட்டானுகள். ஒருத்தன் கேக்கான், "அவ்வளவு காச வேணாமெண்டு போன மனுசன் பேரையும் விட்டுட்டு எங்கயாவது தீவில இரிக்க மாட்டாரா சேர்" எண்டு. எனக்கு விசயம் துண்டுதுண்டாத்தான் தெரியும். அவரக் கண்டுபுடிச்சாங்களா, இல்லாட்டி இன்னும் தேடுறாங்களா? விளங்கினாக்கள் கொஞ்சம் ஒழுங்காச் சொல்லுங்க, பெடியளுக்குப் பிழையாச் சொல்லிக் குடுக்க விருப்பமில்ல.

பதில்: பிஸ்டன்ஸ்_கல்முனை

தம்பி, அந்த மனுசன்ட விளையாட்ட நான் விருப்பமாப் பாத்த ஆள், அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவன். 91ல டீமெல்லாம் வரிசையாப் புதுப் பிளேயர்மாரத் தெரிவு செய்ற ட்ராஃப்ட்ல, ஒர்லாண்டோ மெஜிக் டீம் அவர 10ஆவது ஆளா எடுத்த. அங்கயிருந்து டென்வர், பிறகு கிளிப்பர்ஸ். 96-97 சீசன்ல அவருக்கு டீமே இல்ல, சீசன் முடியப்போற நேரம் ஏப்ரல்லதான் புல்ஸ் எடுத்திச்சு, ரெகுலர் சீசன்ல வெறும் 9 மெட்ச், ஆனா கப்புக்காக நடக்கிற கடைசிச் சுற்று பிளேஓஃப்ல நல்லா உதவினவர், யூட்டா டீம வெண்டு கப்பும் எடுத்தாச்சு. அந்தக் கையோட டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 7 வருசத்துக்கு 4.5 கோடி டொலர் குடுத்துக் கூட்டிக்கொண்டு போன. முதல் சீசன்ல மெட்சுக்கு 16.2 பொயின்ட், 8.9 ரீபவுண்ட். கையில பந்து வந்தா அவசரப்படவே மாட்டார், முதுகால டிஃபெண்டர உணர்ந்துகொண்டு மெல்ல இடப்பக்கம் திரும்பி இடக்கையால போடுவார், அத மறிக்கிற லேசில்ல.

98ல தன்ட செரோக்கி எண்ட அமெரிக்கப் பழங்குடிப் பரம்பரையையும் ஆபிரிக்கப் பரம்பரையையும் மதிச்சு பேர மாத்தினவர். 99ல 30 வயசுல, இன்னும் 5 வருசமும் 3.6 கோடி டொலருக்கு மேலயும் மிச்சமிரிக்க, காணும் எண்டு விட்டுட்டார். பெடியனுக்கு இதச் சொல்லுங்க: அவர் ஒளிச்சுப் போகல்ல. லெபனான், அவுஸ்திரேலியா எண்டு திரிஞ்சவர், பிறகு ஒரு கட்டமரான் போட் வாங்கி "ஹக்குனா மட்டாட்டா" எண்டு பேர் வச்சவர், வீட்டாக்களோட கதைபேச்சு இருந்துகொண்டுதான் இருந்த. அந்தத் தொடர்பு ஒரேயடியா அறுந்ததாலதான் சனத்துக்குச் சந்தேகமே வந்த.

2002 ஜூலையில பசிபிக் தீவு தாஹிட்டில இருந்து போட்ல போன நாலு பேர். அவர், அவர்ட காதலி, பிரான்ஸ்காரக் கெப்டன், அவர்ட சொந்த அண்ணன். ஜூலை 8க்குப் பிறகு மூணு பேர்ட சத்தமே இல்ல. 20ஆம் திகதி போட்ட தாஹிட்டிக்குக் கொண்டுவந்தது அண்ணன் மட்டும். செப்டெம்பர் 5ல அந்த அண்ணன் அமெரிக்காவில, ஃபீனிக்ஸ்ல, தம்பிட பாஸ்போட்டக் காட்டி தம்பிட கையெழுத்தப் போட்டு 152,000 டொலருக்குத் தங்கம் வாங்கப் போய் பொலிசிட்ட மாட்டினவன். தம்பிதான் வாங்கச் சொன்னவன் எண்டு கதை சொல்ல, விசாரிச்சுப்போட்டு விட்டுட்டாங்க. அதுக்குள்ள போட்டயும் தாஹிட்டில கண்டுபுடிச்சாச்சு, பேர் மாத்தியிருந்த. அண்ணன் மெக்சிக்கோவுக்குப் போய், டிஜுவானாவில இன்சுலின் கூட ஏத்தி மயங்கிக் கிடந்து, செப்டெம்பர் 27ல கலிபோர்னியா ஆஸ்பத்திரில செத்துப்போனான். ஒரு சொல்லும் சொல்லாம.

பதில்: அம்பாறை_வழக்கு

மேல சொன்னதெல்லாம் சரி, ஒரு விசயத்த மட்டும் சேக்கிறன். ஒரு சொல்லும் சொல்லல்ல எண்டது பொலிசுக்கு. அண்ணன் தன்ட சிநேகிதிட்ட ஒரு கதை சொல்லித்தான் இரிக்கான். அண்ணன் தம்பி சண்டை வந்ததாம், இடையில தம்பிட காதலி அடிபட்டு விழுந்து தலையில காயப்பட்டுச் செத்ததாம், கெப்டன் அதப் பொலிசுக்கு அறிவிக்கோணும் எண்டு நிண்டதால தம்பி கெப்டனக் கொண்டுபோட்டானாம், கடைசில தன்னக் காப்பாத்திக்கொள்ள தான் தம்பியச் சுட்டதாம், மூணு பேரையும் பாரம் கட்டிக் கடல்ல போட்டதாம். இந்தக் கதைய நம்பினா இவன்ட கையால செத்தது ஒரு ஆள்தான், அதுவும் தற்காப்பு. மத்த ரெண்டு பேர்ட சாவையும் திருப்பிக் கதைக்கேலாத ஆள்ட தலையில போட்டாச்சு. தற்காப்புக்குச் சுட்டவன் போட்டிட பேர மாத்தி ஒளிக்கிறதென்ன, செத்தவன்ட பாஸ்போட்டோட தங்கம் வாங்கப் போறதென்ன? பிரெஞ்சு அதிகாரிகளும் எஃப்.பி.ஐ.யும் அண்ணனத்தான் கொலைகாரன் எண்டு பாத்தாங்க. ஆள் செத்ததால வழக்கு நடக்கல்ல, தீர்ப்பும் இல்ல. உடல் இல்லாட்டியும் கையெழுத்து, காசு, பாஸ்போட், போட் இதெல்லாம் சேந்தா கோட்டுக்குப் போகலாம். ஆனா நிறுத்துறதுக்கு ஒரு ஆள் வேணுமே.

பதில்: நாவலடி

நான் கடல்தொழில் செய்ற குடும்பம். உடல் ஏன் கிடைக்கல்ல எண்டு கேக்கிறாக்களுக்கு: கல்லடிக் கரையில ஆள் தாண்டா ரெண்டு மூண்டு நாளில ஊதி மிதக்கும், வாடைக்காத்துக் காலமெண்டா ஓட்டம் தெக்கால இழுக்கும், அதனால காத்தான்குடி, களுவாஞ்சிகுடிப் பக்கம் கரைவலைக்காரருக்குச் சொல்லி வைப்பம். எங்க தேடோணும் எண்டு எங்களுக்குத் தெரியும். ஆனா அங்க அந்தத் தீவுகளுக்கு இடையில ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழம். பாரம் கட்டிப் போட்டா மேல வராது. எந்த இடத்தில போட்டதெண்டு சொல்ல ஒருத்தரும் உயிரோட இல்ல. அந்த மூணு வீட்டு ஆக்களும் எங்க போய்ப் பூப் போடுற எண்டு தெரியாம இரிப்பாங்க. சுனாமியில கொண்டுபோனாக்களுக்கு நாங்க எங்கட கடலப் பாத்தாவது விளக்குக் கொளுத்துறம்.

பதில்: மைக்கல்_பழையமாணவன்

இந்தத் திரியில ஒரு பேரச் சொல்லாமப் போனா எனக்கு மனம் ஆறாது. பாஸ்கட்போல்ல காணாமப் போன மனுசன் எண்டா எங்கட ஊராக்களுக்கு முதல்ல ஞாபகம் வரவேண்டியவர் யூஜின் ஹேபர்ட் பாதர். லூசியானாவில பிறந்த அமெரிக்க ஜேசு சபைக் குரு, 1940கள்ட கடைசில இலங்கைக்கு வந்தவர், சாகும்வரைக்கும் எங்கட பிள்ளையளோடதான் எண்டு இருந்தவர். புனித மிக்கேல் கல்லூரிட பாஸ்கட்போல் நாடு முழுக்கப் பேர் எடுத்ததுக்கு அவர் பழக்கினதுதான் பெரிய காரணம். 1990 ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள் அண்டு, வாழைச்சேனையில இருந்து மட்டக்களப்புக்கு ஒரு தமிழ்ப் பெடியனையும் ஏத்திக்கொண்டு ஸ்கூட்டர்ல வெளிக்கிட்டவர். ஏறாவூர்ப் பக்கம் கண்டதுதான் கடைசி. ரெண்டு பேரும் வரல்ல, ஸ்கூட்டரும் வரல்ல. அந்த மாசம் எங்கட மாவட்டத்தில பள்ளிவாசலுக்குள்ளயும் ரத்தம், ஊர்களுக்குள்ளயும் ரத்தம், தமிழ் முஸ்லிம் எண்டு பாராமச் சனம் செத்த மாசம்.

நான் இத ஏன் இங்க எழுதுறன் எண்டா, டெலேய மூணு மாசத்துக்குள்ள எங்க எப்பிடிப் போனார் எண்டு ஓரளவுக்காவது அறிஞ்சிட்டாங்க. பேங்க்ல கணக்கு இருந்த, கையெழுத்து இருந்த, அதப் பிடிச்சுக்கொண்டு போக எஃப்.பி.ஐ. இருந்த. பாதரிட்ட என்ன இருந்த, ஒரு விசிலும் ஒரு பழைய ஸ்கூட்டரும்தானே. அவரோட போன பெடியன்ட தாய்க்கு ஆர் பதில் சொன்ன? காந்தி பூங்காவடியில காணாமப் போன பிள்ளையள்ட படத்த நெஞ்சில வச்சுக்கொண்டு நிக்கிற தாய்மாரப் பாருங்க, அவங்க கேக்கிறதும் இதுதான், எங்க கொண்டு போன, என்ன செய்த, அவ்வளவும்தான்.

பதில்: பிஸ்டன்ஸ்_கல்முனை

அண்ண, ஹேபர்ட் பாதர்ட டீமோட எங்கட ஸ்கூல் விளையாடின கதைய எங்கட வாப்பா சொல்லுவார். தோத்த டீம் பெடியனுகளயும் மெட்ச் முடியக் கூப்பிட்டு நிப்பாட்டி ஃப்ரீ த்ரோக்குக் கால் வைக்கிறது எப்பிடியெண்டு காட்டினவராம். நீங்க எழுதினத வாசிச்சதோட அதுதான் ஞாபகம் வந்த.

பதில்: கல்லடி_பாஸ்கட்

எல்லாருக்கும் நன்றி. பெடியனுக்கு இனி நேரா ஒரு பதில் சொல்லலாம்: அவர் தீவில ஒளிச்சு இல்ல, கொலை செய்யப்பட்டவர் எண்டுதான் விசாரிச்சாக்கள் முடிவெடுத்தாங்க, உடல் கிடைக்கல்ல, கோட்டுக்கும் போகல்ல. அந்தக் காதலியையும் கெப்டனையும் சேத்தே சொல்லுவன், எல்லாரும் பிளேயர மட்டும் கதைக்கிறம், போனது மூணு உசிர்.

மைக்கல் அண்ண, உங்களிட்ட ஒரு உதவி. ஹேபர்ட் பாதர் கோர்ட்ல நிண்டு பழக்குற படம் ஏதும் பழைய மாணவர்கள்ட கையில இருந்தா ஸ்கேன் பண்ணி அனுப்பேலுமா? என்ட பெடியள் ஓடுற இந்த ஊர்ல அவர்ட முகமே தெரியாம வளருறானுகள். அவரிட்டப் பழகின ஆராவது ஒரு சனிக்கிழமை கிரவுண்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் கதைச்சாலும் பெரிய விசயம்.

பதில்: மைக்கல்_பழையமாணவன்

படம் ரெண்டு கைவசம் இரிக்கு, ஒண்டுல பாதர் வெயிலுக்குள்ள கையக் காட்டிக் கத்திக்கொண்டு நிக்கார். அனுப்புறன். அவரிட்ட விளையாடின ரெண்டு அண்ணன்மாரிட்டயும் கேட்டுப் பாக்கிறன், ஒருத்தர் கட்டாயம் வருவார். பந்து மட்டும் நல்லாக் காத்தடிச்சு வையுங்க, அவர் வந்த உடனே அதத்தான் அமத்திப் பாப்பார்.