முட்டிச் சில்லுக்குக் கீழே வலி: ஓய்வில் போகிறது, குதித்தால் திரும்புகிறது

வலையோரம்:
வாலிபால் அட்டாக்கர், வயது 20. முட்டிச் சில்லின் கீழ்முனையில், ஒரே விரலால் தொட்டுக் காட்டும் இடத்தில் 8 மாதமாக வலி. உடம்பு சூடானதும் தணியும்; மறுநாள் காலை படியிறங்கினால் குத்தும். 3 வாரம் ஓய்வில் போய்விடுகிறது, குதிக்கத் தொடங்கிய நாலாம் நாளே பழையபடி. சீசன் முழுக்க வெளியே உட்கார வைக்கவும் முடியாது. ஸ்டீராய்டு ஊசி போடலாமா?

பிசியோ_மதுரை:
இடமும் போக்கும் 'ஜம்பர்ஸ் நீ' (jumper's knee: குதிப்பவர்களுக்கு முட்டிச் சில்லுக்குக் கீழுள்ள டெண்டனில், அதாவது தசைநாணில், வரும் வலி) மாதிரியே இருக்கின்றன. நேரில் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். ஓய்வில் வலி மட்டுமா போகிறது? டெண்டனின் தாங்குதிறனும் தொடைத் தசையும் கூடவே கரைகின்றன. நாலாம் நாள் திரும்புவது அதனால்தான்.

முதலில் அசையாப் பிடிப்பு. லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் (உட்கார்ந்தபடி எடையோடு முட்டியை நீட்டும் ஜிம் மெஷின்) முட்டியைச் சுமார் 60 டிகிரி மடக்கி, 45 வினாடி அப்படியே தாங்க வேண்டும். 5 முறை, நடுவில் 2 நிமிடம். சிலருக்கு உடனே வலி தணியும், எல்லாருக்கும் இல்லை. அடுத்தது கனமான, மெதுவான பயிற்சி: வாரம் 3 நாள் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), லெக் பிரஸ் (மெஷினில் எடையைக் காலால் தள்ளுவது), 4 செட். இறங்க 3 வினாடி, ஏற 3 வினாடி. 15 முறை மட்டுமே தூக்க முடிகிற எடையில் ஆரம்பித்து, 12 வாரத்தில் 6 முறைக்கான எடைக்குப் போங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: இரண்டு காலாலும் தள்ளும்போது நல்ல கால் சுமையை வாங்கிக்கொள்கிறது. லெக் பிரஸ்ஸை ஒற்றைக் காலில் செய்ய வையுங்கள்.

கோச்_செம்மண்:
குதிப்பை எண்ணுங்க சார். ஸ்பைக், பிளாக், ஜம்ப் சர்வ் எல்லாம் கணக்கில் வரணும். முழுவீச்சில் குதிக்கும் இரண்டு நாளுக்கு நடுவே 48 முதல் 72 மணி நேரம் விடுங்க. அந்த இடைநாளில் ரிசீவ், நின்றபடி சர்வ் போதும். தினமும் காலையில் 25 டிகிரி சாய்வுப் பலகையில் ஒற்றைக் கால் ஸ்குவாட் ஒன்று செய்யச் சொல்லி, வலிக்கு 10க்கு மார்க் போடச் சொல்லுங்க. 3 வரை பரவாயில்லை. முந்தின நாளைவிடக் கூடினால் அடுத்த பிராக்டிஸில் குதிப்பைக் குறைங்க, வெயிட் பயிற்சியை நிறுத்தாதீங்க.

மருந்துப்பெட்டி:
ஸ்டீராய்டு வேண்டாம். சில வாரம் சுகம் தரும். பிறகு நிலைமை மோசமாவதுண்டு, டெண்டன் பலமிழந்து அறுந்தும் போகலாம். போட்டிக் காலத்தில் அந்த ஊசி எந்த வழியில் போட்டாலும் 2022 ஜனவரி 1 முதல் ஊக்கமருந்து விதிப்படி தடை. 2022 பிரெஞ்ச் ஓபனில் டென்னிஸ் வீரர் நடால் மரத்துப்போகும் ஊசியோடு ஆடி ஜெயித்ததைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். அவருக்கு இருந்தது பாத எலும்புக் கோளாறு. குதித்து இறங்கும் டெண்டனை மரக்கடித்தால் எச்சரிக்கையே இல்லாமல் போகும். மேட்சுக்கு முன் புரூஃபன் வலி மாத்திரை போடுவதும் அப்படித்தான், வெயிலில் நீர்வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கும் கேடு.

வலையோரம்:
ஊசியை விட்டுவிடுகிறோம். சாய்வுப் பலகை எங்கே கிடைக்கும்?

கோச்_செம்மண்:
வாங்க வேண்டாம். 30 செ.மீ. நீளப் பலகையின் ஒரு முனையை 13 செ.மீ. உயர்த்தி ஆணியடிச்சா ஏறக்குறைய 25 டிகிரி வந்துரும். குதிகால் உயரமான பக்கம். மேலே உப்புத்தாள் ஒட்டுங்க, வியர்வையில் வழுக்காது.