வெளியே சொம்பு, உள்ளே கிணறு: என் முதல் கடைசல் அனுபவம்

கொல்லைப்பட்டறை (மன்னார்குடி பக்கம்):

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் கொல்லையில் நின்ற பூவரசு வேரோடு சாய்ந்துவிட்டது. விறகுக்குக் கொடுக்க மனசு வரவில்லை, நாலு துண்டாகப் போட்டு வெட்டுவாயில் சாணி பூசி மாட்டுக்கொட்டகையில் அடுக்கினேன். ஒரு துண்டுக்குப் பூச மறந்தேன், அது ஒரே மாதத்தில் நடுவிலிருந்து நட்சத்திரம் மாதிரி வெடித்தது.

அப்புறம் சின்னதாக ஒரு லேத் (மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடையும் இயந்திரம்) வாங்கி, முதல் வேலையே சொம்பு என்று ஆரம்பித்தேன் (கிண்ணத்தில் தொடங்கியிருக்க வேண்டும், சொல்ல ஆள் இல்லை). வெளிப்பக்கம் அழகாக வந்தது. குடைவதுதான் வேலை! வாய் குறுகல், உள்ளே உளி முனை எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தையும் கைக்கு வரும் அதிர்வையும் வைத்துத்தான் ஓட்ட வேண்டும், அதற்குள் சீவல் வயிற்றில் அடைத்துக்கொண்டு உளியைக் கவ்வும், நிறுத்தி நிறுத்திக் கொட்ட வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. டப்பென்று ஒரு சத்தம், அடித்தட்டு மட்டும் சக்கில் (லேத்தில் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் பிடி) சுற்றிக்கொண்டிருக்கிறது, மீதிச் சொம்பு உளியோடு என் கையில்.

கோபத்தில் அதை நெடுக்காக இரண்டாக அறுத்தேன். நான் செய்த உருப்படியான காரியம் அதுதான். கழுத்தில் கனம் 4 மி.மீ., வயிற்றில் 15, அடி வளைந்து திரும்பும் இடத்தில் காகிதம். வெளியே சொம்பு, உள்ளே கிணறு மாதிரி நேராக இறங்கியிருக்கிறேன்.

அம்மா அடுக்களையிலிருந்து பித்தளைச் சொம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, "இதைத் தூக்கினா கழுத்துல விரல் நிக்குதுடா, உன்னது வழுக்குதே" என்றார். அட்டையில் இரண்டையும் வரைந்து பார்த்தேன். என்னுடையதில் வயிறு சரியாக நட்டநடுவில், அதனால்தான் மந்தமாகத் தெரிந்திருக்கிறது. பித்தளையில் அகலம் நடுவுக்குக் கொஞ்சம் மேலே, அங்கிருந்து அடிவரை எங்கும் ஒடியாத ஒரே வளைவு.

அடுத்ததை ஒரே மூச்சில் முடிக்கவில்லை. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டு (5 அங்குலத்துக்கு அரை அங்குலம்) முதலில் முரட்டுக் கடைசலாகக் கடைந்து, அதன் சீவலோடேயே சாக்கில் போட்டு வைத்தேன். வாராவாரம் எடை போட்டு, எடை இறங்குவது நின்ற பிறகு எடுத்துப் பார்த்தால் வாய் முட்டை வடிவத்தில் கோணியிருந்தது. கனம் விட்டு வைத்ததே அதற்குத்தான், திரும்ப ஏற்றிச் சரி செய்தாயிற்று.

ஆடுதுறை ஆள்:

அண்ணே, நீங்கள் பச்சை மரத்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள். எங்கள் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம், அதுவும் பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் தூணும் உத்திரமும்தான் தேடுவார்கள். பல பத்தாண்டு காய்ந்தது, இனிமேல் கோண அதில் ஒன்றும் இல்லை. 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்த வாத்தியம் அது. சின்ன வயதில் ஒரு பட்டறையில் நின்று பார்த்திருக்கிறேன், ஆசாரி துளையை ஊதிவிட்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், திரும்பக் கடைவார், திரும்பப் பார்ப்பார். ஒன்று மட்டும் சொல்கிறேன், மெல்லிசாக்குவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று இறங்கிவிடாதீர்கள். உங்கள் சொம்பு தண்ணீர் குடிக்கிற சாமானா? கனம் எங்கும் ஒரே மாதிரி இருந்தால் போதும்.

பேராவூரணி தென்னை:

எங்களுக்குக் கஜாவில் போனதெல்லாம் தென்னை. அதிலும் குடைந்து பார்த்தேன், வேண்டாம் சாமி. ஓரம் இரும்பு மாதிரி, உள்ளே போகப் போகப் பஞ்சு, நார் நாராகப் பிய்த்துக்கொண்டு வருகிறது, உளியை அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் தீட்டணும். கடைசியில் ஓரத்துண்டில் மட்டும் ஒரு குங்குமச் சிமிழ் தேறியது. மூடி இன்னும் இறுக்கம்தான், மழைக்காலத்தில் திறக்கவே திறக்காது.