ஐஸ் ஹாக்கி பார்க்கக் குளிருக்கு என்ன எடுத்துப் போவது? அவசரம்

கோபி வாத்தியார்
வணக்கம். வியாழக்கிழமை இரவு விமானம். மகள் எங்களுக்கு ஐஸ் ஹாக்கி பார்க்க டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறாள். என் மனைவிக்குக் குளிர் ஆகவே ஆகாது. மார்கழியில் பவானிசாகர் பக்கம் போனாலே காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். பனிக்கட்டிக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் உட்கார முடியுமா? நல்ல கோட்டு ஈரோடு கனி மார்க்கெட்டில் கிடைக்குமா? இல்லை, டிக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லட்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

நம்பியூர் தங்கம்
எந்த நாடு, எந்த ஊர், எந்த மாதம், ஐயா? ஒன்றையும் சொல்லவில்லையே.

திருப்பூர் பனியன்
எந்த நாடாக இருந்தால் என்ன, முதலில் பருத்தி பனியனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பருத்தியில்தான் சோறு தின்கிறேன், நானே சொல்கிறேன். நடந்து வியர்த்தால் அது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், லேசில் காயாது. பிறகு உட்கார்ந்தால் முதுகு சில்லிடும். உடம்போடு ஒட்டினாற்போல் மெரினோ கம்பளியோ பாலியஸ்டர் தெர்மலோ, அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றுப் புகாத கோட்டு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

காங்கேயம் காளை
குளிர்நாட்டுப் பயணம் பற்றி இங்கே ஏற்கெனவே எவ்வளவோ பேசியாகிவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்ல பழக்கம். ஐஸ் ஹாக்கி கூரைக்குக் கீழே நடக்கும் விளையாட்டு. வாத்தியாராக இருந்தவருக்கு இது தெரியாதது வியப்பாக இருக்கிறது.

பொள்ளாச்சி சந்தை
காளை அண்ணா, அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட வேண்டாம். 2003 நவம்பரில் கனடாவின் எட்மன்டனில் திறந்தவெளி கால்பந்து மைதானத்தில் தளம் போட்டு ஆடினார்கள். மைனஸ் 18 டிகிரிக்குப் பக்கம். மான்ட்ரியால் அணியின் கோல்கீப்பர் தலைக்கவசத்தின் மேலேயே கம்பளிக் குல்லா மாட்டிக்கொண்டு நின்றார். 57 ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். 2008 முதல் அமெரிக்காவிலும் புத்தாண்டையொட்டித் திறந்தவெளியில் நடத்துகிறார்கள். வாத்தியார் ஐயா, அந்த டிக்கெட்டாக இருந்தால் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.

கோபி வாத்தியார்
எட்மன்டன்தான்! ஜனவரி. கூரை இருக்கிறதா என்று மகளிடம் கேட்கிறேன். மனைவிக்கு முட்டி வலியும் உண்டு.

நம்பியூர் தங்கம்
முட்டி வலியை இப்போதுதான் சொல்கிறீர்கள். மேலடுக்கா, கீழடுக்கா? ஓரத்து நாற்காலியா?

பொள்ளாச்சி சந்தை
எட்மன்டனா! நான் சொன்னேன் அல்லவா?

உடுமலை கவிதா
வாத்தியார் ஐயா, பயப்படாதீர்கள். நான் கனடாவில் இருக்கிறேன். திறந்தவெளி ஆட்டம் அபூர்வமானது. வழக்கமான ஆட்டமாக இருந்தால் 2016இல் திறந்த ரோஜர்ஸ் பிளேஸ் என்ற மூடிய அரங்கில்தான் நடக்கும். அரங்குக்குள் ஸ்வெட்டர் போதும். மேலே போகப் போகக் கதகதப்பு. கண்ணாடித் தடுப்பை ஒட்டிய வரிசைகளில்தான் சில்லென்று இருக்கும். உண்மையான குளிர் தெருவில். அங்கே ஜனவரியில் மைனஸ் 30 வரைகூட இறங்கும். மக்ஈவன் ரயில் நிலையம் அரங்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் போய் இறங்கினால் நடை குறைவு.

முட்டி வலிக்கு மேலடுக்கு சரிப்படாது. படிகள் செங்குத்து, குறுகல். அரங்கத்துக்குப் போன் செய்து படி குறைந்த இடத்துக்கு மாற்ற முடியுமா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். ஆட்டம் 20 நிமிடமாக மூன்று பகுதி, கடிகாரம் அடிக்கடி நிற்பதால் மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆகும். இடைவேளை இரண்டு முறை. அப்போது ஒரு வண்டி தளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து வெந்நீர் விட்டு வழவழப்பாக்கும். குழந்தைகளைப் போலப் பெரியவர்களும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் ஓடும்போது எழுந்து போகக் கூடாது. விசில் ஊதும் வரை வாசலில் நிற்பவர் உள்ளேயும் விடமாட்டார்.

இன்னொன்று, பக் என்கிற அந்த ரப்பர் வில்லை மூன்று அங்குல அகலம், ஓர் அங்குல கனம். துள்ளாமல் இருக்க உறைய வைத்துத்தான் கொண்டுவருவார்கள். கோல் கம்பங்களுக்குப் பின்னால் வலை கட்டியிருக்கும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் கண்ணைத் தளத்திலேயே வைத்திருங்கள். டிக்கெட்டைப் படமெடுத்து வைத்துக்கொண்டு போகாதீர்கள், பல அரங்குகளில் வாசலில் அது செல்லாது. மகளின் போனில் நேரே திறந்து காட்ட வேண்டும்.

காங்கேயம் காளை
நான் சொன்னதையே நீட்டிச் சொல்லியிருக்கிறீர்கள். கம்பளி விஷயத்துக்கு வருகிறேன். மெரினோவுக்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டியதில்லை. நம் மேச்சேரி ஆட்டுக் கம்பளிக்கு என்ன குறை?

திருப்பூர் பனியன்
மேச்சேரி ஆட்டில் கம்பளி ஏது அண்ணா? அதற்குக் குட்டை முடிதான். கறிக்கும் தோலுக்கும் வளர்ப்பது. நீங்கள் நினைப்பது குரும்பை ஆடு. அதன் ரோமமும் முரடு. உடம்பில் பட்டால் அரிப்பெடுக்கும். அம்மாவுக்கு அதைப் போட்டுவிட்டால் ஆட்டம் முழுவதும் சொறிந்துகொண்டிருப்பார்.

காங்கேயம் காளை
எங்கள் தாத்தா காலத்தில் அந்தக் கம்பளியைத்தான் போர்த்தினார்கள். யாரும் சொறியவில்லை.

திருப்பூர் பனியன்
சட்டைக்கு மேல் போர்த்தினார்கள். நான் உள்ளே போடுவதைப் பற்றிப் பேசுகிறேன்.

நம்பியூர் தங்கம்
ஆட்டை விடுங்கள், ஆட்டத்துக்கு வாருங்கள். வாத்தியார் ஐயாவைக் காணோம்.

பொள்ளாச்சி சந்தை
இப்போதும் சொல்கிறேன், 2023 அக்டோபரிலும் அதே எட்மன்டனில் திறந்தவெளியில்தான் கால்கரி அணியோடு மோதினார்கள். கூரை உண்டா என்று கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

உடுமலை கவிதா
இப்படியே பேசினால் அவர் பயந்து பயணத்தையே தள்ளிப்போட்டுவிடுவார், அண்ணா. கனி மார்க்கெட்டில் கோட்டு எடுக்காதீர்கள், ஐயா. அது ஊட்டிக்குப் போதும். எட்மன்டன் குளிருக்கான கோட்டும் காலணியும் அங்கேயே மலிவு. போகும் வழிக்கு ஒரு ஸ்வெட்டரும் காது மூடும் குல்லாவும் இருந்தால் போதும்.

கோபி வாத்தியார்
ஊர் திரும்பிவிட்டோம். அனைவருக்கும் நன்றி. கூரை இருந்தது. மகள் இடத்தை மாற்றிவிட்டாள். மனைவி கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் பார்த்தார். வில்லை எங்கே போகிறது என்று இருவருக்கும் கண்ணில் படவே இல்லை, மேலே தொங்கிய திரையில்தான் பார்த்தோம். கோல் விழுந்ததும் ஊதிய சங்குக்குப் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் இரண்டு பேர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடித்துக்கொண்டபோது எழுந்து நின்று பார்த்தவரும் அவர்தான். நடுவர் உடனே விலக்கவில்லையே, அது ஏன்? முடிவில் இருவரையும் ஐந்து நிமிடம் வெளியே உட்கார வைத்தார்கள்.

காங்கேயம் காளை
அதைப் பற்றியும் பேசியாகிவிட்டது. தேடிப் பாருங்கள்.

திருப்பூர் பனியன்
அதெல்லாம் இருக்கட்டும் ஐயா. உள்ளே என்ன துணி போட்டிருந்தீர்கள்?