ரெண்டு சிசேரியனுக்குப் பிறகு மூண்டாவது பிள்ளை, அடிவயித்தில நோ

கரவெட்டி அம்மா:
29 கிழமை எனக்கு. மூத்தவள் 2017, இளையவன் 2021, ரெண்டும் சிசேரியன். ஐஞ்சு நாளாத் தையலுக்குக் கிட்ட, இடப்பக்கம், பிடிச்சு இழுக்கிறமாதிரி நோகுது. படுக்கையால எழும்பேக்கையும் கிணத்தடியில வாளி தூக்கேக்கையும்தான் கூட. கொஞ்சம் இருந்தால் விட்டிடும். ரத்தம் படேல்லை, பிள்ளை நல்லாத் துடிக்குது. மாமி வாய்வு எண்டு உள்ளி அவிச்சுத் தந்தவ. எனக்கெண்டால் உள்தையல் விடுதோ எண்டு பயம். இரவில வயித்தில கையை வைச்சுக்கொண்டு முழிச்சுக் கிடக்கிறன். வாற புதன்தான் கிளினிக். அதுமட்டும் இருக்கலாமோ?

சாவகச்சேரி அக்கா:
இருக்காதேங்கோ தங்கச்சி. எனக்கு மூண்டும் ஒப்பரேசன். மூண்டாவதுக்கு 34 கிழமையில நோ வந்திது, ஓமத்தண்ணியைக் குடிச்சு ரெண்டு நாள் இழுத்தன். பிறகு நோ விடாமலே நிண்டுது. அண்டிரவே பிள்ளையை எடுத்தவை. பழைய வெட்டு இருந்த இடம், அதுக்குள்ளால பிள்ளையின்ர தலைமயிர் தெரியிற அளவுக்கு மெல்லிசாக் கிடந்ததாம். மகன் சுகம், முன்பள்ளிக்குப் போறான். அந்த ரெண்டு நாளை நினைச்சால் இண்டைக்கும் கை நடுங்கும்.

மிஸ்ஸி, வடமராட்சி:
பிள்ளை, எழும்பேக்க வந்து பிறகு விடுற நோ கனபேருக்குக் கருப்பையைத் தாங்கிற நார் இழுபடுறதால வாறது. பழைய ஒப்பரேசனில உள்ளுக்க ஒட்டுப்பிடிச்சிருந்தாலும் இழுக்கும். சலத்தில கிருமி எண்டாலும் அடிவயிறு நோகும். ஆனால் வீட்டிலயிருந்து இதுகளைப் பிரிச்சறியேலாது. வெளியில தெரியிற தழும்பு தோலின்ர, கருப்பையில வெட்டினது வேற இடம். தழும்பை அமத்திப் பாத்து ஆறுதல்படாதேங்கோ.

ஸ்கான் ரிப்போட்டில சூல்வித்தகம் (நச்சுக்கொடி) எங்க எண்டு பாருங்கோ. கீழ, முன்பக்கம், பழைய வெட்டை மூடிக்கொண்டு கிடந்தால் அது கருப்பைச் சுவருக்குள்ள ஊடுருவியிருக்கக்கூடும், பெரிய டொக்டர் கட்டாயம் பாக்கவேணும். ஆஸ்பத்திரியால விடேக்க தந்த முந்தின ரெண்டு டயக்னோசிஸ் காட்டையும் கொண்டுபோங்கோ. கருப்பையில வெட்டினது குறுக்குவெட்டோ நெடுக்குவெட்டோ எண்டதை வைச்சுத்தான் எவ்வளவு கவனம் வேணும் எண்டு முடிவெடுப்பினம். நெடுக்குவெட்டு பிரசவ நோ வரமுந்தியே பிரியக்கூடும்.

நோ விடாமல் நிண்டாலோ, வயிறு கல்லாகினாலோ, ரத்தமோ தண்ணியோ போனாலோ, துடிப்புக் குறைஞ்சாலோ, தலைசுத்தினாலோ ஓட்டோ பிடிக்க நிக்காதேங்கோ. 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் காசில்லை. இதொண்டும் இல்லாட்டிலும் இண்டைக்கே மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கோ.

கரவெட்டி அம்மா:
போட்டு வந்திட்டன் மிஸ்ஸி. சலத்தில கிருமியாம், குளிசை தந்தவை. சூல்வித்தகம் மேலதான், பின்பக்கம். பாரம் தூக்கவேண்டாமாம், மாமியே வாளியை வாங்கிப்போட்டா. 2017 காட்டில குறுக்குவெட்டு எண்டு கிடக்குது. 2021 காட்டைத்தான் காணேல்லை, இவர் அலுமாரி முழுக்கக் கிளறிக்கொண்டு நிக்கிறார்.