அல்ஜீரியன் என்ற அலங்கார இங்கிலீஷ் எழுத்துருவோடு (ஃபான்ட்) உங்கள் அனுபவம் என்ன?

வடசேரி அச்சகம்:

கல்யாணக் கார்டோ, நினைவு அஞ்சலியோ, வீட்டுப் பெயர்ப்பலகையோ, எதற்கு வந்தாலும் நாகர்கோவிலில் ஒரு வேண்டுகோள் தவறாமல் வரும்: "இங்கிலீஷ் பேரை அந்த அல்ஜீரியன்ல போட்டுருங்க அண்ணே." 18 வருடமாக டிடிபி வேலை, அதாவது கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் அமைக்கும் வேலை பார்க்கிறேன். எனக்கும் இந்த எழுத்து ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே கண்ட இடத்தில் போட்டு அதைக் கெடுப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

ஒரே ஒரு எழுத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். தடித்த கறுப்பு உடம்பு, முனைகளில் ஆப்பு மாதிரி செரிஃப் (கோட்டு நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முனை), உடம்பை ஒட்டி மயிரிழை அளவு வெள்ளை, அதற்கு அப்பால் நிழலாக ஒரு மெல்லிய கோடு. அந்த வெள்ளைதான் இதன் உயிர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்த ஸ்டீஃபன்சன் பிளேக் என்ற எழுத்து வார்ப்பகம் 1908-இல் காட்டிய எழுத்து இது. தலைப்புக்கென்றே பிறந்தது. a, b, c என்ற சின்ன எழுத்தே கிடையாது, எல்லாம் A, B, C என்ற பெரிய எழுத்துதான். பிற்பாடு மைக்ரோசாஃப்ட் வேர்டோடு சேர்ந்து வந்ததால் நம் ஊர் கம்ப்யூட்டர்களிலும் குடியேறிவிட்டது.

நான் பட்டதைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு புதுநன்மை கார்டு, கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழாவுக்கு. பிள்ளையின் பெயர் முதல் முகவரி வரை எல்லாமே அல்ஜீரியனில் வேண்டும் என்றார் அப்பா. சரி என்று முகவரியை 9 பாயிண்டில் (பாயிண்ட் என்பது எழுத்தின் அளவு) பொடியாக வைத்து, தங்க மையில் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு, அதாவது வலைத்துணி வழியாக மையை இறக்கும் அச்சுக்குக் கொடுத்தேன். காய்ந்த கார்டைக் கையில் எடுத்தால் வெள்ளை இடைவெளி பூராவும் மை அடைத்துக் கிடக்கிறது. கதவு எண்ணில் 3 எது, 8 எது என்று தெரியவில்லை. அத்தனை கார்டையும் என் செலவில் திருப்பி அடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து பெயருக்கு மட்டும்தான் அல்ஜீரியன், அதுவும் 24 பாயிண்டுக்குக் கீழே இறக்குவதில்லை. மற்ற வரிகளுக்கு அலங்காரமில்லாத எழுத்து போதும். பக்கத்தில் ஒன்று அமைதியாக இருந்தால்தான் இதன் கம்பீரம் எடுபடும்.

இன்னொன்று, புதிதாக டிடிபி பழகும் பிள்ளைகளுக்கு. பாமினியில் (இங்கிலீஷ் எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பழைய தமிழ் ஃபான்ட்) அடித்த தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டு அல்ஜீரியனுக்கு மாற்றாதீர்கள். 'அம்மா' இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும். அப்படி ஒரு தப்பு அச்சு வரைக்கும் போய்விட்ட நினைவு அஞ்சலியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். துக்க வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா?

மயிலாடி கல்பட்டறை:

கல்லில் இதே கதைதான் அண்ணாச்சி, ஆனால் திருப்பி அடிக்க வழியில்லை. எழுத்துக்கும் நிழல் கோட்டுக்கும் நடுவே நிற்பது மெலிசான கல் சுவர். உளி கொஞ்சம் சாய்ந்தால் சில்லு தெறித்துவிடும். நாலு அங்குலத்துக்குக் குறைந்த எழுத்து என்றால் அப்பா நிழலையே எடுத்துவிடச் சொல்லுவார். "மக்கா, கல்லு கேக்காததை நாம கேக்கப்பிடாது" என்பார். ஸ்டிக்கர் ஒட்டி மணல் பீச்சி எடுத்தாலும் அந்த மெல்லிய சுவர் மெல்லிய சுவர்தான்.

போன வருடம் ஒரு வீட்டு வாசலுக்கு 'பெத்தேல்' என்று ஆறு இங்கிலீஷ் எழுத்து வெட்டினோம். பாலீஷ் போட்ட கறுப்புக் கல், எழுத்து ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். நிறுத்திப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. காகிதத்தில் நிழல் எப்போதும் ஒரே பக்கம். கல்லில் வெயிலும் தன் பங்குக்கு நிழல் போடுகிறது. காலையில் இரண்டும் ஒரே பக்கம் விழுந்து எழுத்து புடைத்து நிற்கிறது. சாயங்காலம் வெயில் எதிர்ப்பக்கம் போனதும் குழம்பிப்போகிறது. இப்போதெல்லாம் வாசல் எந்தத் திசை என்று கேட்டுவிட்டுத்தான் அளவு எடுக்கிறேன்.

கல்லறைக் கல்லுக்கு இது வேண்டாம் என்பது என் எண்ணம். பெயருக்குக்கூடப் பரவாயில்லை. பிறப்பு, இறப்புத் தேதியைப் பேரப்பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கும்படி வைக்கக் கூடாது.

குளச்சல் பெயிண்டர்:

நான் படகில் எழுதுகிறவன். படகுக்காரர் போனில் அல்ஜீரியன் படத்தைக் காட்டி, வீல் ஹவுஸ் (படகை ஓட்டுகிற அறை) நெற்றியில் மாதாவின் பெயரை அப்படியே கேட்பார். முதலில் சாக்பீஸில் உடம்பை வரைந்து நிரப்புவேன். நிழலுக்குத் தனித் தூரிகை, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. நிறுத்தி இழுத்தால் கோடு நடுங்கியது தெரிந்துவிடும்.

உப்புக்காற்று முதலில் தின்பது அந்தக் கோட்டைத்தான். உடம்பு மங்காமல் இருக்கும், நிழல் மட்டும் திட்டுத்திட்டாக உரிந்து நிற்கும். பதிவு எண்ணை யார் கேட்டாலும் இதில் எழுத மாட்டேன். அது தூரத்தில் வரும்போதே வாசிக்கிற மாதிரி மொட்டையான தடித்த எழுத்தில்தான்.

இப்போது நிழல் கோட்டை ஒரு விரல் கனத்துக்கு எழுதிப் பார்க்கிறேன். அச்சில் இருக்கிற நளினம் இல்லைதான். ஆனால் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் ஏற்றிய, அப்படி எழுதிய ஒரு படகில் போன வாரம் பார்த்தேன், கோடு அப்படியே இருக்கிறது.

வடசேரி அச்சகம்:

அண்ணே, முடிந்தால் அந்தப் படகைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். ஸ்கிரீனுக்கும் வெள்ளையைக் கொஞ்சம் அகலமாக வைத்து வரைந்து பார்க்கிறேன்.