எழுத்துக்குள் இருக்கும் வெள்ளைக்குப் பெயர்: ‘கண்’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

எழுத்தின் கோடு வளைத்துப் பிடிக்கும் வெள்ளை இடத்தை எழுத்துரு செய்பவர்கள் ஆங்கிலத்தில் கவுண்டர் (counter) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசும் இந்த இழையில் எதிர்வெளி, உள்வெற்றிடம், சுழி என்று மூன்று சொற்கள் வந்துவிட்டன. நான்காவதாக ‘கண்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். தனியாக நின்றால் பொருள் மயங்கும் இடத்தில் ‘எழுத்துக்கண்’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

மயிலாடுதுறையில் புத்தக அட்டை வடிவமைப்பதுதான் என் தொழில். போன மாதம் ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அட்டை போட்டேன். தலைப்பில் மூன்று ‘ம’. தடித்த எழுத்துதான் வேண்டும் என்று கேட்டார்கள், முன்பக்கத்தில் கம்பீரமாகத்தான் இருந்தது. அதையே சின்னதாக்கிப் புத்தக முதுகில் வைத்தபோது, மாதிரி அச்சில் மூன்று ‘ம’வின் வலப்பக்க வளையமும் கருப்பாக அடைத்துக்கொண்டது. அச்சகத்துத் தம்பியிடம் போனில் “அந்த உள்ளே இருக்கிற வெள்ளை, வளையத்துக்குள்ளே” என்று நாலு தடவை சொல்லவேண்டியிருந்தது. தினமும் கையாளும் ஒன்றுக்குப் பெயர் இல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது?

> சுழி என்று குழந்தைக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது புதுச் சொல் எதற்கு?

இழையில் இப்படிக் கேட்ட ஐயாவுக்குச் சொல்கிறேன்: ரெண்டு சுழி ‘ன’, மூணு சுழி ‘ண’ என்று நாம் எண்ணுவது கோட்டின் வளைவை. நமக்குப் பெயர் வேண்டியது கோட்டுக்கு இல்லை, அது விட்டுவைக்கும் வெள்ளைக்கு. ‘ப’வில் சுழியே கிடையாது, ஆனால் அதன் வயிற்றுக்குள் எவ்வளவு பெரிய வெள்ளை! அதைச் சுழி என்று எப்படிச் சொல்வது? எதிர்வெளியும் எனக்கு ஒட்டவில்லை. அந்த வெள்ளை எதற்கும் எதிரில் இல்லை. பழைய வார்ப்பு முறையில் எழுத்தின் உட்பள்ளத்தை உருவாக்கும் உளிக்குக் கவுண்டர்பஞ்ச் என்று பெயர், ஆங்கிலச் சொல் அதோடு ஒட்டியது. ஜெர்மன்காரர்கள் புன்ட்சே என்பதும் உளியின் பெயர்தான். அவர்கள் தங்கள் பட்டறையிலிருந்து எடுத்தார்கள், நாம் நம் ஊரிலிருந்து எடுக்கலாமே.

நம் ஊரில் தண்ணீர் போகும் துளைக்குக் கண் என்றுதான் பெயர். மூன்று கண் மதகு, ஐந்து கண் பாலம் என்கிறோம். வலைக்கும் சல்லடைக்கும் கண் உண்டு. இவை எல்லாவற்றிலும் கண் என்பது கல்லோ நூலோ கம்பியோ இல்லை, அவை சூழ்ந்து விட்டுவைத்த இடம். வெங்காயத்தாமரை வந்து மாட்டினால் “கண் அடைச்சுக்கிச்சு” என்போம். என் புத்தக முதுகில் நடந்ததும் அதேதான், தண்ணீருக்குப் பதில் வெளிச்சம்.

எங்கள் தெருவில் ட்ரெடில் மிஷின் (காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம்) ஓட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது நடுவில் நிறுத்தி, ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். “கண்ணு மூடுது பாரு” என்று ‘வ’வைக் காட்டுவார். மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் ஈய எழுத்தை இரண்டு இழுப்பு இழுத்து, துணியால் ஒற்றி எடுத்து, மறுபடி ஓட்டுவார். அடுத்த தாளில் ‘வ’ பளிச்சென்று விழித்திருக்கும். கலைச்சொல் என்று தெரியாமலேயே அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கவலை இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் தரங்கம்பாடி. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் அங்கே வந்து சேர்ந்தன. அவை பெரிய எழுத்துகள், காகிதத்தை விழுங்கின. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். எழுத்தைச் சின்னதாக்க நினைத்த யாருக்கும் முதலில் இடிக்கும் இடம் கண்தான். ‘க’, ‘த’, ‘ழ’ என்று நம் எழுத்தில் பாதி வளையம்!

அனிமேஷன் செய்யும் நண்பர்களுக்கும் இந்தச் சொல் உதவும். படத்தின் தலைப்பில் ‘ப’ மெல்ல உருமாறி ‘ம’ ஆகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ப’வுக்கு இருப்பது திறந்த கண், அதாவது ஒரு பக்கம் கோடு இல்லாத வெள்ளை. ‘ம’வில் திறந்த கண் ஒன்று, சுற்றிலும் கோடு சூழ்ந்த மூடிய கண் ஒன்று. வழியில் ஏதோ ஒரு பிரேமில் புதிதாக ஒரு துளை பிறந்தாகவேண்டும். கணினியின் போக்கில் விட்டால் பெரும்பாலும் அங்கேதான் உருவம் கிழிகிறது. அந்தத் தருணத்தைக் ‘கண் திறப்பு’ என்று சொல்லலாம் என்பது என் ஆசை. சுவாமிமலை ஸ்தபதிகள் வார்த்து முடித்த சிலைக்குக் கடைசியாகச் செய்வதும் கண் திறப்புதானே.

ஏழாம் வேற்றுமை உருபான ‘கண்’ணோடு குழம்பாதா என்று ஒரு தனிமடல் வந்தது. அந்தக் ‘கண்’ணுக்கும் இடம் என்றுதான் பொருள், அதனால் எனக்கு அது இடைஞ்சலாகத் தோன்றவில்லை.

தீராமல் நிற்பது ஒன்று. ‘ப’வின் திறந்த கண் வெளியோடு சேரும் திறப்பு, அதாவது அபெர்ச்சர். அதற்கு ‘வாய்’ என்று நினைத்திருக்கிறேன், ஆனால் ஒரே எழுத்துக்குக் கண்ணும் வாயும் வைத்தால் முகம்போல ஆகிவிடுமோ என்ற தயக்கம் இருக்கிறது. திருவாரூர், மன்னார்குடிப் பக்கத்து நண்பர்கள் சொல்லுங்கள்: வாய்க்காலில் தண்ணீர் புகும் அந்த முதல் இடத்தை உங்கள் வயலில் என்னவென்று சொல்வீர்கள்?